பழைய விளையாட்டுக் கணினியைச் சத்தமில்லாமல் ஓட வைப்பது எப்படி

மார்த்தாண்டத்தில் பிரவுசிங் சென்டர் ஒன்றை மூடியபோது, பழைய இரும்புக்குப் போகவிருந்த கணினிகளில் ஒன்றை நான் வாங்கி வந்தேன். 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 பிராசசர், 256 எம்பி ராம், 20 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 98 என்று நான் கல்லூரிக் காலத்தில் விளையாடிய விளையாட்டுகளுக்கு வேண்டிய எல்லாமே அதில் இருந்தன. சென்டரில் பத்துக் கணினிகள் ஒன்றாக ஓடியபோது தெரியாத அதன் இரைச்சல், குளச்சல் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டின் மாடி அறையில் தனியாக ஓடியபோது, கிணற்றடி மோட்டாரை அறைக்குள் கொண்டுவந்து வைத்ததுபோல் கேட்டது. ஏறத்தாழ ஓர் ஆண்டு விட்டுவிட்டு வேலை செய்து அதை அடக்கியிருக்கிறேன். இப்போது இரவு பத்து மணிக்குமேல் சீலிங் ஃபேனை நிறுத்தினால், கணினியின் சத்தத்துக்கு முன்னால் கடலின் சத்தம்தான் காதில் விழுகிறது. அந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே கை வைக்கக்கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இலக்கைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்நாடுகளில் ஃபேனே இல்லாத கணினிகளைச் செய்து மகிழ்கிறார்கள். நம் மாவட்டத்தில், பங்குனி சித்திரையில் கான்கிரீட் கூரைக்குக் கீழே மாலை நான்கு மணிக்கும் 34 டிகிரி இருக்கும் அறையில், 20 ஆண்டுகளைக் கடந்த மதர்போர்டை அப்படிச் சோதிப்பது பாவம். அதில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுளைக் குறைப்பது வெப்பம்தான். ஆகவே நம் வேலை இரண்டு: தேவையற்ற வெப்பத்தையும் சுழலும் பாகங்களையும் குறைப்பது, மிஞ்சிய வெப்பத்தைப் பெரிய, மெதுவான ஃபேன் ஒன்றால் வெளியேற்றுவது. கேபினட்டுக்குள் பஞ்சு, ஸ்பாஞ்ச் ஆகியவற்றை ஒட்டிச் சத்தத்தை மூடும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வெப்பத்தையும் சேர்த்து மூடும், வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் ஈரத்தை இழுத்துப் பூசணமும் பிடிக்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

எதையும் வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் கேட்பதற்கு ஒதுக்குங்கள். ஜன்னல்களைச் சாத்தி, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். ஆடி மாதத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றின் சீழ்க்கையில் எந்தச் சத்தம் யாருடையது என்றே தெரியாது. நாளிதழ் ஒன்றைக் குழாய்போல் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு பாகத்துக்கு அருகிலும் வைத்தால் மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்போல் வேலை செய்யும். சந்தேகப்படும் ஃபேனின் நடுக்குமிழியைப் பென்சிலின் ரப்பர் முனையால் ஓரிரு விநாடி அழுத்தி நிறுத்திப் பார்த்தால், அதன் பங்கு எவ்வளவு என்பது உடனே விளங்கிவிடும். இறக்கைகளைத் தொட வேண்டாம். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஃபேனிடம் இந்தச் சோதனையே வேண்டாம்.

என் கணினியில் நான் எதிர்பார்த்த குற்றவாளி பிராசசர் ஃபேன். அது இரண்டாவதுதான். முதலிடத்தில் இருந்தது ஹார்டு டிஸ்க். ஒரே சுருதியில், நிறுத்தாமல், மூக்கால் பாடுவதுபோன்ற மெல்லிய ஊளை. அந்தக் காலத்து டிஸ்க்குகள் பெரும்பாலும் பால் பேரிங்கில் சுழன்றவை. பேரிங் தேயத் தேய ஊளை கூடும், அதற்கு மருந்து கிடையாது. திரவப் பேரிங் பரவலான பிறகு வந்த டிஸ்க்குகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

ஹார்டு டிஸ்க்கை மாற்றுதல்

சத்தமும் போகும், வேகமும் கூடும், டிஸ்க் திடீரென்று சாகும் பயமும் நீங்கும் என்பதால், ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மூன்று வழிகள் உள்ளன: காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை, எஸ்டி அட்டை, சாட்டா எஸ்எஸ்டி. பழைய மதர்போர்டுகளின் டிஸ்க் இணைப்பான ஐடிஇயில் செருக, மூன்றுக்கும் அடாப்டர் இணையக் கடைகளில் கிடைக்கிறது.

என் விருப்பம் காம்பாக்ட் ஃபிளாஷ். காரணம், அந்த அட்டைக்குள்ளேயே ஐடிஇ டிஸ்க்கைப்போல் நடந்துகொள்ளும் முறை இருக்கிறது. அதன் அடாப்டர் என்பது பெரும்பாலும் வெறும் கம்பித் தடங்கள்தான், இடையில் மொழிபெயர்க்கும் சில்லு தேவையில்லை. எஸ்டி அட்டைக்கும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் அந்தச் சில்லு வேண்டும். சில மதர்போர்டுகள் அதோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். அட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் பழைய ஸ்டுடியோக்களில் கேளுங்கள். முந்தைய தலைமுறை டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பல இந்த அட்டையைத்தான் பயன்படுத்தின, மேசை இழுப்பறையில் கிடப்பதைக் குறைந்த விலைக்குத் தருவார்கள்.

கொள்ளளவில் பேராசை கூடாது. கணினி எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டிலேயே உள்ள நிரல்தான் பயாஸ். அந்தக் காலத்து பயாஸ்களில் பல, சுமார் 33.8 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைக் கண்டால் தொடக்கத் திரையிலேயே உறைந்து நின்றுவிடும். விண்டோஸ் 98-உடன் வந்த, டிஸ்க்கைப் பிரிக்கும் நிரலான எஃப்டிஸ்க் 64 ஜிபிக்கு மேற்பட்ட அளவைத் தவறாகக் காட்டும். 137 ஜிபியைக் கடந்தால் விண்டோஸ் 98-இன் சொந்த டிரைவரே தரவைச் சிதைக்கக்கூடும். 16 அல்லது 32 ஜிபி அட்டை வாங்கினால் இந்த மூன்று குழிகளையும் ஒருங்கே தாண்டிவிடலாம். அந்தக் காலத்து விளையாட்டுகளுக்கு அது தாராளம். 486 அல்லது முதல் பென்டியம் கணினியாக இருந்தால் வரம்புகள் இன்னும் கீழே, 8.4 ஜிபியிலும் 504 எம்பியிலும்கூட இருக்கின்றன. அதற்கேற்பச் சிறிய அட்டையைத் தேட வேண்டும்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டர் வழியாகப் புதிய கணினி ஒன்றில் இணைத்து, முழு டிஸ்க்கையும் ஒரே பிம்பக் கோப்பாக முதலில் சேமித்துவிடுங்கள். பழைய டிஸ்க் இந்த வேலையின் நடுவிலேயே இறந்துபோனது உண்டு. அதனால் மற்ற எதற்கும் முன்பு இதைச் செய்வது நல்லது. அட்டை பழைய டிஸ்க்கைவிடப் பெரியதாக இருந்தால் பிம்பத்தை அப்படியே அட்டையில் எழுதலாம். சிறியதாக இருந்தால், அட்டையில் எஃப்டிஸ்க்கால் புதிய பார்ட்டிஷன் உருவாக்கி, அதை ஆக்டிவ் என்று குறித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்வதே மேல். ஆக்டிவ் என்று குறிக்க மறந்தால் கணினி கறுப்புத் திரையோடு நிற்கும். அட்டை கெட்டுவிட்டது என்று நினைத்து நான் ஓர் இரவை வீணாக்கியிருக்கிறேன்.

அடாப்டரில், அது முதல் டிஸ்க்கா இரண்டாவதா என்று சொல்லும் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பரைச் சரிபார்த்து, ஃபிளாப்பி டிரைவுக்கான சிறிய மின் கனெக்டரை அதில் செருகுங்கள். விண்டோஸ் எழுந்ததும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பண்புகளுக்குப் போய், பிராசசருக்கு வேலை வைக்காமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ முறைக்கான பெட்டியைக் குறியிட்டுப் பார்க்கலாம். மலிவான அடாப்டர்களில் டிஎம்ஏக்கான தடங்களையே விட்டுவிடுகிறார்கள்; அப்படிப்பட்டதில் குறியிட்டால் விண்டோஸ் எழும்போது தொங்கிவிடும், சேஃப் மோடில் நுழைந்து குறியை எடுத்துவிட வேண்டும். எஸ்எஸ்டி பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எந்த இடம் காலியானது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை விண்டோஸ் 98-க்குத் தெரியாது. புதிய எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்கைப் பார்ட்டிஷன் போடாமல் காலியாக விட்டுவைத்தால், அதன் உள்ளிருக்கும் சில்லு அந்த இடத்தை வைத்துத் தன் வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்துகொள்ளும்.

டிஸ்க் கொறிக்கும் அந்தக் கரகர ஓசை இல்லாமல் பழைய கணினி பழைய கணினியே அல்ல என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, கட்டம் லோடு ஆகிறதா உறைந்துவிட்டதா என்பதை அந்த ஓசைதான் நமக்குச் சொல்லும். அவர்கள் டிஸ்க்கை வைத்துக்கொண்டு அதிர்வை மட்டும் குறைக்கலாம். சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகல வளையங்களாக வெட்டி, சிடி டிரைவுக்கான அகலமான அறையில் டிஸ்க்கை ஊஞ்சல்போல் கட்டித் தொங்கவிட்டால், கேபினட் தகரத்துக்கு அதிர்வு போகாது, கரகரப்பு பாதியாகிவிடும். குலசேகரம் பக்கம் வீட்டிலேயே ரப்பர் ஷீட் இருக்கிறதே என்று அதை வெட்டிப் பயன்படுத்த வேண்டாம். பதப்படாத ரப்பர் வெப்பத்தில் இளகி ஒட்டும். சைக்கிள் டியூப் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர், தாங்கும்.

ஃபேன்கள்

ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். காற்றோட்டமோ பாதிதான் குறையும். இந்தக் கணக்கு நமக்குச் சாதகமானது. அதே காற்றைத் தள்ள சிறிய ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும் என்பதால், பிராசசர்மேல் வேகமாகச் சுற்றிக் கத்தும் 60 மி.மீ. ஃபேனை எடுத்துவிட்டு, 60-இலிருந்து 80-க்கு மாற்றும் பிளாஸ்டிக் புனல் ஒன்றின்மேல் 80 மி.மீ. ஃபேனை வைப்பது முதல் படி.

அந்த 80 மி.மீ. ஃபேனையும் 12 வோல்ட்டில் ஓட்டத் தேவையில்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து வரும் நான்கு முள் கனெக்டரில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், இரண்டு கறுப்பும் கிரவுண்ட். ஃபேனை மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே இணைத்து 7 வோல்ட்டில் ஓட்டும் தந்திரம் பரவலாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. ஃபேன் உள்ளே ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் தடத்தில் பாயும், அந்தத் தடத்தில்தான் நம் அருமை மதர்போர்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஃபேனின் சிவப்புக் கம்பியை வெட்டி, நடுவே 47 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் மாட்டிவிடுங்கள். 0.15 ஆம்பியர் எடுக்கும் சாதாரண 80 மி.மீ. ஃபேனுக்கு இது ஏறத்தாழ ஏழரை வோல்ட் தரும். ரெசிஸ்டரில் வீணாவது அரை வாட்டுக்கும் குறைவு. வேகத்தை அறிவிக்கும் மூன்றாவது கம்பியும் கெடாமல் வேலை செய்யும்.

மெதுவாக்கிய ஃபேன் ஒவ்வொரு முறையும் தானாகப் புறப்படுகிறதா என்று பத்து முறையாவது அணைத்துப் போட்டுப் பாருங்கள். நம் கடற்காற்றில் பேரிங் இறுக இறுக, புறப்படுவதற்கு வேண்டிய வோல்ட் கூடிக்கொண்டே போகும். 5 வோல்ட்டில் இன்று தயங்கிப் புறப்படும் ஃபேன் அடுத்த மழைக்காலத்தில் புறப்படாது. கேபினட் ஃபேன் நின்றால் சூடு ஏறும், அவ்வளவுதான். பிராசசர் ஃபேன் நின்றால் கதை வேறு. ஆகவே 5 வோல்ட்டை கேபினட் ஃபேனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான ஃபேனைச் சில பயாஸ்கள் ஓடாத ஃபேன் என்று எண்ணிக் கூச்சலிடும். வேறு வழியில் அது ஓடுவதை உறுதிசெய்த பிறகே அந்த எச்சரிக்கையை அணைக்க வேண்டும்.

பழைய ஃபேனையே காப்பாற்ற நினைப்பவர்கள், நடுவிலுள்ள ஸ்டிக்கரைப் பாதி உரித்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மீண்டும் ஒட்டினால் ஸ்லீவ் பேரிங் ஃபேன்கள் பல மாதங்கள் அமைதியாக ஓடும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். ஈத்தாமொழித் தேங்காயின் பெருமை சமையலறையில் இருக்கட்டும். பேரிங்கில் விட்டால் அது சிக்குப் பிடித்துப் பிசினாகி, இருந்ததையும் கெடுக்கும்.

பிராசசரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கைக் கழற்றும்போது இரண்டு ஆபத்துகள் உள்ளன. கிளிப்பைத் திருப்புளியால் அழுத்தும்போது அது நழுவி மதர்போர்டின் தடங்களை அறுத்துவிடும். கிளிப்புக்குக் கீழே தடித்த அட்டை ஒன்றைச் செருகிவைத்த பிறகே அழுத்த வேண்டும் என்பதை நான் ஒரு மதர்போர்டை இழந்துதான் கற்றேன். இரண்டாவது, 800 மெகாஹெர்ட்ஸ் வகைப் பென்டியம் 3-இலும் பழைய ஆத்லானிலும் சிலிக்கான் துண்டு மூடியில்லாமல் வெளியே தெரியும். ஹீட் சிங்க்கைச் சாய்த்து வைத்தால் அதன் மூலை உடையும். இரண்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும், காய்ந்துபோன பழைய பேஸ்ட்டை, மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) என்று கேட்டால் கிடைக்கும் திரவத்தால் துடைத்துவிட்டு, அரிசிமணி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். இது மட்டுமே ஃபேனை ஒரு படி மெதுவாக்க இடம் தரலாம்.

இன்னொரு வழியும் உண்டு: பிராசசரையே மெதுவாக்குவது. பஸ் என்பது பிராசசரும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் தடம். 133 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் அதன் ஆறு மடங்கு வேகத்தில் ஓடும் 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசரை, பஸ்ஸை 100-க்கு இறக்கினால் 600-இல் ஓடும். மடங்கு பூட்டப்பட்டிருப்பதால் வேறெதையும் தொட வேண்டாம். தொண்ணூறுகளின் விளையாட்டுகளுக்கு 600 போதுமானது, வெப்பமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். பென்டியம் 4 வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவுக்கு நல்ல செய்தி என்னிடம் இல்லை. அதன் பிந்தைய வகைகள் 80 வாட்டுக்கு மேல் எரிப்பவை, அமைதியை விரும்பும் ஒருவர் அவற்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எஸ்.எம்.பி.எஸ்.

இங்கே வேகத்தைக் குறைத்து நிதானமாக நடக்க வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். முன்பு பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கக் கூடாது. யூபிஎஸ், இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து ஃபேனை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம். அப்போதே கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் கணினிகளில் புகுந்திருந்தன. மதர்போர்டிலும் அதையே பார்க்க வேண்டும்.

120 மி.மீ. ஃபேன் உள்ள புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டுவது சத்தத்துக்கு நல்ல தீர்வு. 24 முள் கனெக்டரைப் பழைய 20 முள் பொருத்தியில் செருகலாம். நான்கு முள் வெளியே தொங்கும், தவறில்லை. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையைப் படிக்காமல் வாங்காதீர்கள். புதியவை பலத்தையெல்லாம் 12 வோல்ட்டில் வைத்திருக்கின்றன. பென்டியம் 3 காலத்து மதர்போர்டுகள் பிராசசருக்கு வேண்டியதை 5 வோல்ட்டிலிருந்து எடுப்பவை. 5 வோல்ட்டில் 20 ஆம்பியராவது இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மைனஸ் 5 வோல்ட் தடம் புதியவற்றில் இருக்காது. ஐஎஸ்ஏ என்னும் பழைய வகை ஸ்லாட்டில் செருகும் சவுண்டு கார்டுகளில் சில அதை எதிர்பார்க்கும் என்பதால், அந்த வகைக் கார்டு வைத்திருப்போர் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே உத்தமம்.

மிச்சமிருப்பவை

கிராஃபிக்ஸ் கார்டில் 40 மி.மீ. ஃபேன் கத்தினால், ஜீஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் போன்ற குளிர்ந்த கார்டுகளில் அதை எடுத்துவிட்டுப் பழைய மதர்போர்டு ஒன்றின் ஹீட் சிங்க்கை ஒட்டலாம். வூடு 3 2000 ஃபேன் இல்லாமலேயே விற்பனைக்கு வந்த கார்டு. அதற்கு எதுவும் செய்ய வேண்டாம், கேபினட்டில் காற்று ஓடினால் போதும்.

52 மடங்கு வேகத்தில் சுழலும் சிடி டிரைவ் ஒன்று மட்டுமே இத்தனை உழைப்பையும் கேலிசெய்யும். டிஸ்க்கில் இப்போது இடமிருப்பதால் விளையாட்டுச் சிடிகளைப் பிம்பமாக்கி வைத்து, விண்டோஸ் 98-இல் ஓடும் கடைசிப் பதிப்பான டீமன் டூல்ஸ் 3.47 என்னும், பிம்பத்தைச் சிடிபோல் காட்டும் நிரலைக் கொண்டு திறக்கலாம். 1996-இல் வந்த குவேக் போன்ற சில விளையாட்டுகள் பின்னணி இசையைச் சிடியின் ஆடியோ தடங்களிலிருந்தே வாசிக்கும். அவற்றுக்கு அசல் சிடியை உள்ளே வையுங்கள். ஆடியோ ஒரு மடங்கு வேகத்தில்தான் வாசிக்கப்படும், ஆகவே அப்போது டிரைவ் முனகக்கூட முனகாது.

கேபினட்டின் பக்கத் தகரம் அதிர்கிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் ஓரத்தில் சைக்கிள் டியூப் கீற்று ஒன்றை ஒட்டுங்கள். அடியில் கயிற்று மெத்தை போட்டுப் பார்த்தேன். அதிர்வு குறைந்தது, நார்த்தூசி ஃபேனுக்குள் போனது. நான்கு ரப்பர் பாதங்கள் போதும்.

எல்லாம் முடிந்ததும் சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு, உடனே மறுதொடக்கம் செய்து பயாஸின் வெப்பநிலைப் பக்கத்தைப் பாருங்கள். பயாஸ் திரை பிராசசரை ஓய்வெடுக்க விடாது. அங்கேயே பத்து நிமிடம் விட்டுவைத்தாலும் 60 டிகிரிக்குள் நின்றால் கவலையில்லை. தாண்டினால் ரெசிஸ்டரை 33 ஓமாகக் குறையுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ராம், கார்டுகளின் பொன்நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து ஐபிஏயால் துடைக்க வேண்டும். உப்பு படிந்து பச்சை பூத்தால் கணினி எழாது, பழி நாம் மாற்றிய பாகங்கள்மேல் விழும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிட்டால் அந்தச் சூட்டிலேயே உள்ளிருக்கும் ஈரம் காய்ந்துவிடும்.

கணினி அடங்கிய பிறகு, அதுவரை கேட்காத ஒன்று கேட்கத் தொடங்கும்: ஸ்பீக்கரின் உஸ்ஸென்ற ஒலியும் அடியில் ஒரு ரீங்காரமும். வால்யூம் கண்ட்ரோலில் மைக், லைன் இன், பயன்படுத்தாத சிடி ஆடியோ ஆகியவற்றை மியூட் செய்தால் உஸ் போய்விடும். ரீங்காரம் நின்றபாடில்லை என்றால் மூன்று முள் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். எங்கள் மாடி அறையில் அந்தக் கம்பி சுவருக்குள் எங்கேயோ முடிந்திருந்தது.